சாய்வு இல்லை என்றால் என்ன பொருள்? – கிடைக்கோடும் நிலைக்குத்துக் கோடும்

எங்கள் அடுக்ககத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய மகள் பதினோராம் வகுப்பு. ஒருநாள் மாலை கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"தாத்தா, ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் எழுதினேன். ரெண்டுக்கும் மார்க் இல்லைன்னு போட்டுட்டாங்க. எனக்கு என்ன தப்புன்னே தெரியலை."

வாங்கிப் பார்த்தேன். ஒய் = 4 என்ற கோட்டின் சாய்வு என்ன என்பது முதல் கேள்வி. எக்ஸ் = 3 என்ற கோட்டின் சாய்வு என்ன என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அவள் 'நோ ஸ்லோப்' என்று எழுதியிருந்தாள். அதாவது, 'சாய்வு இல்லை'.

"படுத்திருக்கிற கோட்டுக்கும் சாய்வு இல்லை, நேரா நிக்கிற கோட்டுக்கும் சாய்வு இல்லை. சரிதானே தாத்தா?" என்றாள்.

பேச்சுத் தமிழில் அவள் சொன்னது முழுக்கச் சரி! கணக்கில்தான் சரியில்லை. இந்த முரண்பாட்டை அவளுக்கு விளக்க முற்பட்டபோதுதான், 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு பொருள்கள் ஒளிந்திருப்பது எனக்கே தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, 'இருக்கிறது, அதன் அளவு பூஜ்யம்' என்பது. மற்றொன்று, 'அளவு சொல்லவே வழியில்லை' என்பது. பையில் பணம் இல்லை என்பதற்கும் பையே இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகளும் பெற்றோரும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொத்தனார் மொழியில் சாய்வு

முதலில் நம் சொற்களைப் பார்ப்போம். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகச் செய்கிறார். சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கிறார். நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தால், 'சுவர் சாயலை, நேரா இருக்கு' என்கிறார். தளம் போடும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். குளியலறைத் தளமானால், தண்ணீர் ஓடுவதற்காக 'கொஞ்சம் வாட்டம் விடு' என்று சித்தாளிடம் சொல்கிறார்.

கவனியுங்கள். சுவருக்குச் 'சாய்வு', தளத்துக்கு 'வாட்டம்'. சுவரின் சாய்வு, நேராக நிற்கும் நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தளத்தின் வாட்டமோ, மட்டமாகக் கிடக்கும் நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்குத் தொடக்கம் தூக்குக்குண்டு. மற்றொன்றுக்குத் தொடக்கம் ரசமட்டம்.

இயற்கணிதத்தில் 'ஸ்லோப்' என்பது இரண்டாவது வகை. அதாவது கொத்தனாரின் வாட்டம். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அதற்குச் 'சாய்வு' என்று பெயர் வைத்துவிட்டோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதையே 'படித்திறன்' என்கிறார்கள். படிப்படியாக ஏறுவதை நினைவூட்டும் சொல் அது. நம்முடைய 'சாய்வு' என்ற சொல்லில் மரம் சாய்ந்தது, சுவர் சாய்ந்தது என்ற நினைவு கலந்துவிடுகிறது. அதனால்தான், நேராக நிற்கும் கோட்டைப் பார்த்ததும் 'சாயவில்லை, ஆகவே சாய்வு பூஜ்யம்' என்று நம் பிள்ளைகளுக்குத் தோன்றுகிறது. இதைப் பிள்ளையின் குறை என்று சொல்ல முடியாது. சொல் செய்யும் வேலை.

இத்தாலியின் பைசா கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 4 பாகை சாய்ந்திருக்கிறது என்கிறோம். அந்த 4 பாகை நிலைக்குத்து நிலையிலிருந்து அளந்தது. தரையிலிருந்து அளந்தால் 86 பாகை. இயற்கணித முறையில் கணக்கிட்டால் அதன் சாய்வு 14-க்குச் சற்று மேல்! நாம் 'கொஞ்சம் சாய்ந்திருக்கிறது' என்று சொல்வதற்குக் கணக்கு இவ்வளவு பெரிய எண்ணைத் தருகிறது. அளக்கத் தொடங்கும் இடம் மாறினால் எண்ணும் மாறும்.

ஏற்றமும் நகர்வும்

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கோட்டின் மேல் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்கிறோம். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவது புள்ளிக்குப் போக, பக்கவாட்டில் எவ்வளவு நகர வேண்டும் என்று பார்க்கிறோம். அதை 'நகர்வு' என்போம். மேலே எவ்வளவு ஏற வேண்டும் என்று பார்க்கிறோம். அதை 'ஏற்றம்' என்போம். ஏற்றத்தை நகர்வால் வகுத்தால் வருவதே சாய்வு. ஒவ்வோர் அடி பக்கவாட்டில் போகும்போதும் எத்தனை அடி ஏறுகிறோம் என்பதுதான் அதன் பொருள்.

(2, 3), (6, 5) என்ற இரண்டு புள்ளிகளைப் பாருங்கள். நகர்வு 6 − 2 = 4. ஏற்றம் 5 − 3 = 2. சாய்வு 2 ÷ 4, அதாவது அரை. ஒவ்வோர் அலகு நகரும்போதும் அரை அலகு ஏறுகிறது. ஏறுவதற்குப் பதில் இறங்கினால் ஏற்றம் குறை எண்ணாக வரும். சாய்வும் குறை எண்ணாகும்.

பத்தடி நீளமுள்ள தளத்துக்குக் கொத்தனார் ஓர் அங்குலம் வாட்டம் விட்டால், பத்தடி என்பது 120 அங்குலம். ஆகவே சாய்வின் அளவு 120-ல் ஒரு பங்கு. கட்டடங்களில் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் 12-க்கு 1 என்ற அளவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது நடைமுறை. ஓர் அடி உயரத்துக்கு ஏற வேண்டுமானால் 12 அடி நீளம் தேவை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயில் தன் கடினமான பகுதியில் ஏறுவதும் ஏறத்தாழ இதே 12-க்கு 1 என்ற அளவில்தான். அந்த ஏற்றத்துக்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் போட வேண்டியிருக்கிறது.

இனி நம் இரண்டு கோடுகளுக்கும் வருவோம்.

கிடைக்கோடு: (1, 4), (5, 4) என்ற புள்ளிகள். நகர்வு 4. ஏற்றம் 4 − 4 = 0. சாய்வு 0 ÷ 4 = 0. நான்கு அலகு நடந்தோம், கொஞ்சமும் ஏறவில்லை. ஏறாத தரையின் ஏற்ற விகிதம் பூஜ்யம். இதில் எந்தச் சிக்கலும் இல்லை. பூஜ்யம் என்பது நாணயமான ஓர் எண். அதுவே பதில்.

நிலைக்குத்துக் கோடு: (3, 1), (3, 6) என்ற புள்ளிகள். ஏற்றம் 6 − 1 = 5. நகர்வு 3 − 3 = 0. சாய்வு 5 ÷ 0. இங்கேதான் வண்டி நின்றுவிடுகிறது.

பூஜ்யத்தால் ஏன் வகுக்க முடியாது?

'பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது' என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கூடாது என்றால் ஏதோ சட்டம் போட்டுத் தடுத்தது போல இருக்கிறது. அப்படி அல்ல. வகுத்தல் என்றால் என்ன? 10 ÷ 2 = 5 என்கிறோம்; ஏனென்றால் 5 × 2 = 10. வகுத்தல் சரியா என்பதற்குப் பெருக்கல்தான் சாட்சி. அப்படியானால் 5 ÷ 0 என்பதற்கு ஏதோ ஒரு விடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விடையைப் பூஜ்யத்தால் பெருக்கினால் 5 வர வேண்டும். எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே வரும்? ஆகவே சாட்சி சொல்ல எந்த எண்ணும் இல்லை. விடை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

"அப்ப 0 ÷ 0 என்ன தாத்தா?" என்று அந்தப் பெண் உடனே கேட்டாள். நல்ல கேள்வி. அங்கே சிக்கல் தலைகீழ். எந்த எண்ணை வைத்தாலும் பெருக்கல் சாட்சி சொல்லிவிடும். 7 × 0 = 0, 19 × 0 = 0. எல்லாமே விடை என்றால், எதுவும் விடை இல்லை என்றுதான் பொருள். ஆனால் நம் கோட்டுக் கணக்கில் இந்த நிலை வராது. இரண்டும் வெவ்வேறு புள்ளிகளாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நகர்வும் பூஜ்யம், ஏற்றமும் பூஜ்யம் என்றால் நாம் ஒரே புள்ளியை இரண்டு முறை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். ஒரு புள்ளி வழியே எந்தத் திசையிலும் கோடு போடலாமே!

முன்னோர்கள் பட்ட பாடு

இந்தக் கேள்வியில் தடுமாறியது பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அல்ல. பூஜ்யத்தை எண்ணாக ஏற்று, அதற்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வகுத்தவர் பிரம்மகுப்தர். கி.பி. 628-ல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் அந்த விதிகளைத் தந்தார். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். வேறு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால், பூஜ்யத்தைப் பகுதியாகக் கொண்ட பின்னம் என்று சொல்லி அந்த அளவில் விட்டுவிட்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூடர் ஆட்சிக் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர், தம் கணிதசார சங்கிரகத்தில், ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அது மாறாமல் அப்படியே இருக்கும் என்றார். வகுக்க ஆளே இல்லாதபோது பொருள் அப்படியே இருக்கும் என்று நினைத்திருக்கலாம் போலும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர், அப்படிப்பட்ட பின்னத்துக்குக் 'கஹரம்' என்று பெயரிட்டு, அதை முடிவிலி என்றார். எதைக் கூட்டினாலும் கழித்தாலும் மாறாத அதை, உலகங்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் மாறாத பரம்பொருளுக்கு ஒப்பிட்டார்.

மூன்று பெருமேதைகள், மூன்று விதமான பதில்கள். பூஜ்யத்தையே கணக்கில் ஏற்றி உலகுக்குத் தந்த மரபிலேயே இந்த ஒரு கேள்வி ஐந்நூறு ஆண்டுகளாகப் பிடிகொடுக்காமல் இருந்திருக்கிறது. ஆகவே உங்கள் பிள்ளை இதில் தடுமாறினால் கோபப்படாதீர்கள். அவன் நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறான்.

முடிவிலி என்று சொன்னால் என்ன?

பாஸ்கரர் சொன்னபடி நிலைக்குத்துக் கோட்டின் சாய்வு முடிவிலி என்று சொல்லிவிட்டால் என்ன? பல பெரியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்ப்போம்.

(3, 1) என்ற புள்ளியை அசையாமல் வைத்துக்கொள்வோம். மேல் புள்ளியைச் சற்று வலப்பக்கம் தள்ளி (3.1, 6) என்று வைத்தால் சாய்வு 5 ÷ 0.1 = 50. இன்னும் நிமிர்த்தி (3.01, 6) என்றால் 500. (3.001, 6) என்றால் 5000. கோடு நிமிர நிமிர எண் ஏறிக்கொண்டே போகிறது. ஆகா, முடிவிலியை நோக்கிப் போகிறது என்று தோன்றும்.

இப்போது இடப்பக்கத்திலிருந்து நிமிர்த்துவோம். மேல் புள்ளி (2.9, 6) என்றால் சாய்வு −50. (2.99, 6) என்றால் −500. (2.999, 6) என்றால் −5000. இது எதிர்த்திசையில் பாதாளத்துக்கு இறங்கிக்கொண்டே போகிறது!

நிற்கும் கோடு ஒன்றுதான். வலப்பக்கமிருந்து நெருங்கினால் வானத்துக்கும், இடப்பக்கமிருந்து நெருங்கினால் பாதாளத்துக்கும் போகிறது. எதை விடை என்று வைப்பது? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நியாயம் எதுவும் இல்லை. ஆகவேதான் கணிதம், 'இதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பரீட்சையில் எழுத வேண்டிய விடையும் அதுவே.

கிடைக்கோட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. (1, 4), (5, 4.1) என்றால் சாய்வு 0.025. (1, 4), (5, 3.9) என்றால் −0.025. இரண்டு பக்கமிருந்தும் நெருங்க நெருங்கப் பூஜ்யத்திலேயே வந்து சேர்கிறது. அதனால்தான் அங்கே பூஜ்யம் என்பது உறுதியான விடை.

போர்காட் மலைப்பாதை சொல்லும் பாடம்

மும்பையிலிருந்து புணே வழியாகச் சென்னைக்கோ நாகர்கோவிலுக்கோ போகும் நம்மவர்கள் கர்ஜத் நிலையத்தை மறந்திருக்க மாட்டார்கள். வடா பாவ் வாங்கிய நினைவு இருக்கும். அங்கே ரயிலின் பின்னால் கூடுதல் எஞ்ஜின்களைச் சேர்த்துத் தள்ளுவார்கள். காரணம், 1863-ல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதை. கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே அந்தப் பாதையின் ஏற்றம் 37-க்கு 1. ஒரு கிலோமீட்டர் போனால் ஏறத்தாழ 27 மீட்டர் உயர்கிறது. கொங்கண் ரயில் பாதையில் பெருமட்ட ஏற்றம் 150-க்கு 1 என்ற அளவில் வைத்துக் கட்டினார்கள். கிலோமீட்டருக்கு ஏழு மீட்டருக்கும் குறைவு.

ரயில்வேக்காரர்கள் சாய்வைச் சொல்லும் முறையை உற்றுப் பாருங்கள். 12-க்கு 1, 37-க்கு 1, 150-க்கு 1. பாதை மட்டமாக ஆக ஆக, முதலில் சொல்லும் எண் பெரிதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் சொல்லும் அந்த எண், நகர்வை ஏற்றத்தால் வகுத்த எண். நம் கணக்குக்கு நேர் தலைகீழ். அப்படியானால், முழுக்க மட்டமான பாதைக்கு என்ன எண் சொல்வது? ஏற்றம் பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்க வேண்டும். எண் கிடைக்காது! தண்டவாளத்தின் ஓரத்தில், ஏற்ற இறக்கத்தைக் காட்டக் கைகள் வைத்த சிறு கம்பம் நட்டிருப்பார்கள். ஏறும் பாதை என்றால் கை மேல்நோக்கி, இறங்கும் பாதை என்றால் கீழ்நோக்கி. அதன் மேல் எண். மட்டமான பாதைக்குக் கையைக் கிடையாக வைத்து, எண்ணுக்குப் பதில் சமதளம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையோ அதன் முதல் எழுத்தையோ எழுதிவிடுவார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சன்னலோரப் பிள்ளையிடம் காட்டுங்கள்.

இதிலிருந்து பெரிய உண்மை ஒன்று கிடைக்கிறது. வகுக்க முடியாமை என்பது கோட்டின் குறை அன்று. நாம் கேள்வி கேட்ட விதத்தின் விளைவு. ஏற்றத்தை நகர்வால் வகுத்தால் நிலைக்குத்துக் கோடு சிக்குகிறது. நகர்வை ஏற்றத்தால் வகுத்தால் கிடைக்கோடு சிக்குகிறது. கொத்தனாரின் தூக்குக்குண்டுச் சாய்வு இந்த இரண்டாவது வகைதான். அதில் நேரான சுவரின் சாய்வு பூஜ்யம்! அந்தப் பெண் பேச்சுத் தமிழில் சொன்னது சரி என்று நான் முதலில் சொன்னதற்குக் காரணம் இதுவே.

நான்காவது மாடியும் மூன்றாவது வரிசையும்

இன்னொரு குழப்பம். ஒய் அச்சு நிமிர்ந்து நிற்கிறது. எக்ஸ் அச்சு படுத்திருக்கிறது. ஆனால் ஒய் = 4 என்ற கோடு படுத்திருக்கிறது; எக்ஸ் = 3 என்ற கோடு நிமிர்ந்து நிற்கிறது. 'இதென்ன தலைகீழா இருக்கு?' என்று பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

நம் அடுக்ககங்களையே உதாரணமாகக் கொள்வோம். நான்காவது மாடியில் 401, 402, 403, 404 என்று வீடுகள். மாடி எண் நான்கு என்ற நிபந்தனை மாறாது. வீட்டு வரிசை மட்டும் மாறும். இந்த வீடுகள் எல்லாம் பக்கம் பக்கமாகக் கிடையாக இருக்கின்றன. ஒய் = 4 என்பது இதுதான். உயரம் 4 என்று நிர்ணயித்துவிட்டு, பக்கவாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள் என்று விட்டுவிடுகிறோம்.

இனி 103, 203, 303, 403 என்ற வீடுகளைப் பாருங்கள். எல்லாமே மூன்றாவது வரிசை. ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. மேல் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகினால் கீழ் வீட்டில் சண்டை வருவது இந்த வரிசையில்தான். எக்ஸ் = 3 என்பது இதுதான். பக்கவாட்டு இடத்தை 3 என்று நிர்ணயித்துவிட்டோம். உயரத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சமன்பாட்டில் எந்த எழுத்து இருக்கிறதோ அது கட்டிப்போடப்பட்டது. எந்த எழுத்து இல்லையோ அது சுதந்திரமாக ஓடுவது. இதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

ஒய் = எம் எக்ஸ் + சி என்ற வாய்பாடு பலருக்கும் நினைவிருக்கும். இதில் எம் என்பது சாய்வு. கிடைக்கோட்டுக்கு எம் பூஜ்யம்; எக்ஸ் மறைந்து ஒய் = சி என்று நிற்கும். நிலைக்குத்துக் கோட்டை மட்டும் இந்த வாய்பாட்டுக்குள் எப்படியும் அடக்க முடியாது. ஏனென்றால் எம் என்ற இடத்தில் போட எண் இல்லை. அதற்காகக் கோடு இல்லாமல் போய்விடுமா? ஏ எக்ஸ் + பி ஒய் + சி = 0 என்ற பொது வடிவத்தில் எழுதினால் எல்லாக் கோடுகளும் அடங்கும். எக்ஸ் = 3 என்பதை 1 × எக்ஸ் + 0 × ஒய் − 3 = 0 என்று எழுதலாம். இங்கே வகுத்தல் இல்லை. ஆகவே விபத்தும் இல்லை.

இதே காரணத்தால் இன்னொரு விதியும் கவனமாகக் கையாள வேண்டியது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்று படிக்கிறோம். கிடைக்கோடும் நிலைக்குத்துக் கோடும் ஒன்றுக்கொன்று செங்குத்துத்தான். ஆனால் அங்கே இந்த விதியைப் போட முடியாது. ஒன்றுக்குச் சாய்வே இல்லை, எதைப் பெருக்குவது? 'இரண்டு கோடுகளுக்கும் சாய்வு இருந்தால்' என்ற நிபந்தனையோடு சேர்த்தே அந்த விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஓடும் ரயிலும் நிற்கும் ரயிலும்

சாய்வு என்பது வரைதாளோடு முடிந்துவிடுவது அன்று. ரயில் கட்டுப்பாட்டு அறைகளில் ஒரு வரைபடம் வைத்திருப்பார்கள். கிடையாக நேரம்; மேல் கீழாக நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு கோடு. வேகமான ரயிலின் கோடு செங்குத்தாக ஏறும். மெதுவான ரயிலின் கோடு படுத்தபடி ஏறும். இங்கே சாய்வுதான் வேகம்.

கர்ஜத்தில் பின் எஞ்ஜின் சேர்க்க ரயில் நிற்கும்போது அதன் கோடு கிடைக்கோடாக ஆகிறது. நேரம் ஓடுகிறது, ரயில் நகரவில்லை. சாய்வு பூஜ்யம், வேகமும் பூஜ்யம். 'வேகம் பூஜ்யம்' என்பது பொருளுள்ள செய்தி. சரி, அந்த வரைபடத்தில் யாராவது ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டால்? ஒரே நொடியில் அந்த ரயில் கர்ஜத்திலும் இருக்கிறது, லோணாவளாவிலும் இருக்கிறது, இடையிலுள்ள எல்லா இடங்களிலும் இருக்கிறது என்று ஆகும். அது 'மிக மிக வேகமான ரயில்' ஆகாது. ரயிலே ஆகாது! அதன் வேகம் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை. பூஜ்யத்துக்கும் வரையறுக்கப்படாமைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கணினி காலத்தில் ஏன் இது முக்கியம்?

'இதெல்லாம் ரெண்டு மார்க் விஷயம், விடுங்க சார்' என்பவர்கள் உண்டு. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற ஏவுகணைக் கப்பலில் நடந்ததைக் கேளுங்கள். தரவுத் தளத்தில் ஓர் இடத்தில் பூஜ்யம் என்ற எண் பதிவாகிவிட்டது. நிரல் அந்தப் பூஜ்யத்தால் வகுக்க முயன்றது. கப்பலின் கணினி வலையமைப்பு செயலிழந்து, இயக்க விசையும் நின்று, அவ்வளவு பெரிய கப்பல் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கடலில் அசையாமல் கிடந்தது. குண்டு பட்டு நிற்கவில்லை. ஒரு பூஜ்யம் பட்டு நின்றது.

தசம எண் கணக்குகளுக்காக 1985-ல் வெளியான ஐ.இ.இ.இ. 754 என்ற தரவிதி, இந்த நிலைகளுக்கென்றே தனிக் குறியீடுகளை வைத்திருக்கிறது. 5 ÷ 0 போன்றவற்றுக்கு நேர், எதிர் என்று இரண்டு முடிவிலிக் குறியீடுகள். 0 ÷ 0 என்பதற்கு 'எண் அல்ல' என்ற பொருளில் ஒரு குறியீடு. வலப்பக்கம் வானம், இடப்பக்கம் பாதாளம் என்று நாம் மேலே பார்த்த அதே இரட்டை நிலைதான் அங்கும். இன்று பெங்களூரிலும் புணேயிலும் நிரல் எழுதும் நம் பிள்ளைகள், இரண்டு புள்ளிகளுக்கு இடையே சாய்வு காண்பதற்கு முன், நகர்வு பூஜ்யமா என்று கேட்டு ஒரு வரி சேர்க்கிறார்களே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிரம்மகுப்தர் முதல் இன்றுவரையிலான வரலாறு நிற்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள்; விளையாடும்போது இந்தியோ மராத்தியோ பேசுகிறார்கள்; வீட்டில் தமிழ். 'நோ ஸ்லோப்' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது மனசுக்குள் ஓடுவது 'சாயலையே' என்ற தமிழாக இருக்கலாம். அதைத் தவறு என்று அடித்துவிடாமல், 'எங்கிருந்து அளக்கிறாய்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தாய்மொழி அங்கே தடையாக இருப்பதற்குப் பதில் விளக்காக மாறிவிடும்.

விடைத்தாளில் 'சாய்வு இல்லை' என்று எழுதவே வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். கிடைக்கோட்டுக்குச் 'சாய்வு பூஜ்யம்'. நிலைக்குத்துக் கோட்டுக்குச் 'சாய்வு வரையறுக்கப்படவில்லை'. இரண்டும் முழுமையான சொற்கள். இரண்டுக்கும் இடையில் குழப்பத்துக்கு இடமில்லை.

அந்தப் பெண்ணிடம் அன்று ஒரு ஸ்கேலை மேசை மேல் படுக்க வைத்து, மெல்ல மெல்ல நிமிர்த்திக் காட்டினேன். பூஜ்யம், அரை, ஒன்று, பத்து, நூறு என்று அவளே எண்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நேராக நின்றதும் நிறுத்தினாள். "இப்ப?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இந்தக் கேள்வியை இதுகிட்ட கேக்கவே கூடாது தாத்தா. வேற கேள்விதான் கேக்கணும்" என்றாள்.

மதிப்பெண் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லாக் கேள்விக்கும் எண் ஒன்றை விடையாகச் சொல்லியாக வேண்டியதில்லை. 'இங்கே இந்தக் கேள்வி பொருந்தாது' என்று காரணத்தோடு சொல்வதும் அறிவுதான் என்பதை அவள் பதினாறு வயதிலேயே தெரிந்துகொண்டாள். எனக்கு அது தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.